பப்பாளிப் பால் தொடாத கறை

தெரசாள்: கறை போகல, கம்பவுண்டர் தம்பி. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. இந்தாங்க, நீங்களே பாருங்க.

தாவீதுராஜ்: இருங்கக்கா… சன்னல்கிட்ட வாங்க. வெளிச்சத்துல விரிங்க. ஆமா… அப்படியேதான் இருக்கு.

தெரசாள்: அதைத்தான் நானும் சொன்னேன். அதையே திருப்பிச் சொல்லவா இந்த வெயில்ல ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தேன்?

தாவீதுராஜ்: பப்பாளிப் பால் புதுசா எடுத்ததுதானே?

தெரசாள்: காலையில காயக் கீறி எடுத்தது. உபதேசியார் வீட்டு மரம். அவுக சம்சாரம் பாத்துட்டு, என்ன தெரசா, முத்தின கறி ஏதும் எடுத்திருக்கியா, வேகலையான்னு கேட்டாக. ஆமான்னு சொல்லிட்டேன். இந்நேரம் ஊரெல்லாம் பேசும், தெரசா வீட்டுல கறிச்சோறுன்னு.

தாவீதுராஜ்: பால கொதிக்கிற தண்ணில கலக்கலயே?

தெரசாள்: கை பொறுக்கிற சூடுதான். நீங்க சொன்னதுதான்.

தாவீதுராஜ்: கைன்னதும் ஞாபகம் வருது. எங்க, கையக் காட்டுங்க.

தெரசாள்: கைக்கு ஒண்ணுமில்ல. சேலையப் பாருங்க.

தாவீதுராஜ்: காட்டுங்கக்கா… விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு செவந்து கெடக்கு. குச்சில துணியச் சுத்தித் தடவுங்க, கையால தொடாதீகன்னு சொன்னேனா இல்லையா?

தெரசாள்: குச்சிக்கு என்ன பதட்டம் இருக்கு? எனக்குல்ல இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் கல்யாணப் பொண்ணு சவுந்தரத்தோட ஆத்தா சேலைய வாங்க வாரா. மறுநா காலையில கல்யாணம். கல்யாண ஓலை மூணும் கோயில்ல வாசிச்சு முடிச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டாரு பாலவனத்தத்துல இருந்து கரியில ஓடுற பஸ்ஸுல வாராக. பொண்ணு மடியில இம்புட்டுப் பெரிய கறையோட நின்னா என்ன சொல்லுவாக?

தாவீதுராஜ்: வேற சேலைக்கு வழியே இல்லையா?

தெரசாள்: துணிய அளந்து குடுக்கிற கன்ட்ரோல் காலத்துல கூறைச்சேலைக்கு எங்க போறது? அந்தப் புள்ளைக்கு மாத்துச் சேலையே ஒண்ணுதான். ஏழைப் பொண்ணுகளுக்குன்னு பழைய பங்குச்சாமியார் அருப்புக்கோட்டைத் தறியில சொல்லி நெய்ஞ்சு வாங்கி வச்சது இது. உடம்பு நூலு, கரை பட்டு. எத்தனை பொண்ணுக கட்டிட்டாளுக… ஒருத்தி மேலயும் ஒரு பொட்டுக் கறை விழுந்ததில்ல. எங்கிட்ட இருக்கையில விழுந்திருச்சு.

தாவீதுராஜ்: சரி, பைய வாங்க. முதல்ல அந்தச் சட்டித் தண்ணில கைய விடுங்க. நல்லா அலசுங்க. கண்ணுல வச்சிராதீக.

தெரசாள்: எரியுது.

தாவீதுராஜ்: எரியத்தான் செய்யும். அலசிட்டு இந்தத் தேங்காயெண்ணெயத் தடவிக்கிருங்க. டாக்டரய்யா இருக்கும்போது சொல்லுவாரு, கொழும்பு பக்கத் தோட்டத்துல இந்தப் பாலக் காயவச்சுப் பொடியாக்கிச் சீமைக்கு அனுப்புறாகளாம். பொடிய வாரி அடைக்கிறவனுக்குக் கை வெந்து போகும், மூக்குல ஏறினா இளைப்பு வந்துரும். ஈரமா, குச்சில, வேணுங்கிற எடத்துல மட்டும் தொட்டா ஒரு தொந்தரவும் இல்ல. அதத்தான் உங்களுக்கும்…

தெரசாள்: சொன்னீக, சொன்னீக. நாந்தான் கேக்கல. கறைக்கு என்ன சொல்றீக?

தாவீதுராஜ்: கறைதான் கணக்குல இடிக்குது.

தெரசாள்: என்ன இடிக்குது?

தாவீதுராஜ்: நேத்து ரத்தக்கறைன்னு சொன்னீக, வழி சொன்னேன்ல, அப்பவே நானும் ஒண்ணு செஞ்சு பாத்தேன். காயத்துக்குக் கட்டி எடுத்த துணி ஒண்ணு கெடந்துச்சு. ரத்தம் காஞ்சு மரப்பட்டை மாதிரி ஆனது. அது மேல இஸ்திரிப் பெட்டிய வேற வச்சுத் தேய்ச்சேன், உங்க சேலைக்கு ஆன மாதிரியே ஆகட்டும்னு. அப்புறம் அதே பப்பாளிப் பாலு, அதே சூடு. விடிஞ்சு அலசுனா துணி வெளுத்துருச்சு. எலுமிச்சம்பழம் தேய்ச்சு வெயில்ல போட்டதும் மிச்சமிருந்த மஞ்சளும் போயிருச்சு.

தெரசாள்: வேலையில்லாத ஆளுய்யா நீங்க.

தாவீதுராஜ்: வேலை எங்க இருக்கு? டாக்டரய்யா மதுரைக்குப் போனதுல இருந்து வாரவுக சீசாவ நீட்டுறாக, தண்ணி மருந்த வாங்குறாக, போறாக. இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒருத்தராவது கேக்கணுமே. வாயத் தொறந்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுறாக.

தெரசாள்: எனக்கு பஸ்ஸு இல்ல. சொல்லுங்க.

தாவீதுராஜ்: நெசமாவா?

தெரசாள்: வீட்டுக்குப் போயி யாருக்குப் பதில் சொல்லப் போறேன்? சொல்லுங்க தம்பி. இந்தப் பாலு என்னதான் செய்யுது?

தாவீதுராஜ்: ரத்தம்ங்கிறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி. பச்சையா இருந்தா பச்சைத்தண்ணிலயே கரைஞ்சிரும். சூடு பட்டா வெந்து துணியப் புடிச்சுக்கிரும். வெந்த முட்டைய என்னதான் தண்ணி ஊத்தினாலும் கரைக்க முடியாது. துண்டு துண்டா வெட்டணும். கண்ணுக்குத் தெரியாத துண்டா. வெட்டின பெறகு தண்ணியோட போயிரும். அந்த வெட்டுற ஆளு பப்பாளிப் பாலுக்குள்ள இருக்கான்.

தெரசாள்: ஆளா?

தாவீதுராஜ்: ஆளுன்னே வச்சுக்கிருங்க. டாக்டரய்யா என்சைம்னு சொல்லுவாரு. கரிசக்காட்டுல பருத்தி எடுக்க ஆளு விடுறோம்ல, அது மாதிரி. ஒரு செடில எடுத்து முடிச்சா அதே ஆளு அடுத்த செடிக்குப் போறான். அதனாலதான் ரெண்டு சொட்டுப் பாலு அம்புட்டுக் கறியையும் வேகவைக்குது. ஆளு தேயிறதில்ல, தீர்றதில்ல.

தெரசாள்: கூலியும் கேக்க மாட்டானாக்கும்.

தாவீதுராஜ்: கூலி வேண்டாம், பதமான சூடு வேணும். பச்சைத்தண்ணில சோம்பிக் கெடப்பான். வெதுவெதுப்புல வெரசா வேலை செய்வான். கொதிக்கிற தண்ணில செத்துப் போவான். செத்தவன மறுபடி எழுப்ப முடியாது.

தெரசாள்: நல்ல ஆளு. என் விரலை எதுக்குக் கடிச்சான்?

தாவீதுராஜ்: அவனுக்கு ஒரு வேலைதான் தெரியும். கறி, முட்டை, ரத்தம், தோலு, எல்லாம் உள்ளுக்குள்ள ஒரே சாதிச் சரக்கு. அந்தச் சரக்க எங்க கண்டாலும் வெட்டுவான். உங்க விரலா, ஆட்டுத் தொடையான்னு அவனுக்குத் தெரியாது. பட்டும் அந்தச் சாதிதான்…

தெரசாள்: பட்டா?

தாவீதுராஜ்: பட்டு, புழு வாயில இருந்து வாரது தானேக்கா. இந்தா பாருங்க, கறைக்குக் கீழ கரை ஓரத்துல. நூலு பிசிறடிச்சு நிக்குது பாத்தீகளா?

தெரசாள்: அய்யோ, மாதாவே… இத நான் பாக்கல.

தாவீதுராஜ்: பதறாதீக. ஒரு நெல்லளவுதான். கொசுவத்துக்குள்ள போற எடம், தெரியாது. கரையச் சுருட்டி மேல கட்டிட்டுத்தானே பால் தடவச் சொன்னேன்?

தெரசாள்: கட்டினேன். முடிச்சு நழுவிருச்சு போல… பூச்சி எச்சில கட்டிக்கிட்டு மணவறை ஏறுறதுக்கு இம்புட்டுப் பாடு.

தாவீதுராஜ்: சேலை உடம்பு பருத்தி. செடியில வெளைஞ்சது. அதத் தொட மாட்டான். அதனாலதான் தைரியமா உங்கள போடச் சொன்னேன். ஜெர்மனில ஒருத்தரு இதையே யோசிச்சிருக்காராம். மிருகத்து வயித்துல கறியச் செரிக்க வைக்கிற சுரப்பி ஒண்ணு இருக்கு. அதக் காயவச்சு, சோடாவோட கலந்து, அழுக்குத்துணி ஊறவைக்கப் பொடியா வித்தாராம். டாக்டரய்யா சொன்னாரு.

தெரசாள்: துணி வெளுக்கிற ஊருக்காரன் எதுக்கு இம்புட்டுப் பெரிய சண்டை போட்டான்? சரி… என் கறைக்கு வாங்க.

தாவீதுராஜ்: அங்கதான் வாரேன். பாலு நல்ல பாலு. உங்க விரலைத் தின்னுருக்கு. பட்டைத் தின்னுருக்கு. எங்கிட்ட இருந்த கட்டுத்துணி ரத்தத்தத் தின்னுருக்கு. உங்க சேலைக் கறைய மட்டும் தொடல.

தெரசாள்: தொடலன்னா?

தாவீதுராஜ்: ஆளு வந்திருக்கான், வேலையும் செஞ்சிருக்கான். அவன் செய்யிற வேலை இந்தக் கறையில இல்ல.

தெரசாள்: நீங்க என்ன சொல்ல வாரீகன்னு வெளங்கல.

தாவீதுராஜ்: இது ரத்தமில்லக்கா.

தெரசாள்: சேலை வச்சிருக்கிற பெட்டியோட ஆணி கையில குத்தி ரத்தம் வந்துச்சுன்னு நான் சொல்லலையா? என் கையில குத்துனது எனக்குத் தெரியாதா?

தாவீதுராஜ்: நீங்க பொய் சொல்றீகன்னு நான் சொல்லல.

தெரசாள்: பெறகு?

தாவீதுராஜ்: பால் சொல்லுது.

தெரசாள்: பாலு சொல்லுதாம்… நல்லா சாட்சி புடிச்சீக.

தாவீதுராஜ்: கோவிச்சுக்கிராதீக. இது வம்புக்குக் கேக்குறது இல்ல. ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு ஆளு. எண்ணெய்னா ஒரு வழி. மஞ்சள்னா ஒரு வழி. சாப்பாடுன்னா அதுக்குள்ளயே பல வழி இருக்கு. தெரியாம எதையாவது போட்டா இருக்கிற கரையும் போயிரும். நாளைக்கு ஒரு பகல்தான் மிச்சம்.

தெரசாள்: சேலைய மடிங்க. நான் போறேன்.

தாவீதுராஜ்: போயி?

தெரசாள்: சவுந்தரத்தோட ஆத்தாகிட்ட, பெட்டில எலி புகுந்துருச்சுன்னு சொல்லிருதேன்.

தாவீதுராஜ்: சொன்னா?

தெரசாள்: சொன்னா என்ன… அந்தப் புள்ள பழஞ்சேலையக் கட்டிக்கிட்டு நிக்கும். பெட்டிய வேற வீட்டுல வைக்கச் சொல்லுவாக. அம்புட்டுத்தான்.

தாவீதுராஜ்: பெட்டி போனாப் போகட்டுமே. உங்களுக்குப் பாரம் கொறையும்.

தெரசாள்: பாரமா? தம்பி… அந்தப் பெட்டி ஏன் என் வீட்டுல இருக்குன்னு தெரியுமா? பொம்பளைப் புள்ளை உள்ள வீட்டுல வச்சா என் மகளுக்கு முதல்ல, உன் மகளுக்கு முதல்லன்னு சண்டை வரும். கட்டிக்கிட ஆளில்லாத வீட்டுல இருந்தாத்தான் சேலை பத்திரம்னு பழைய சாமியார் சொன்னாரு. சபையில எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாக. அன்னைக்கு வந்த பெட்டி.

தாவீதுராஜ்: ம்…

தெரசாள்: பாரந்தான். ஆனா கல்யாணம்னா நாலு பொம்பளைக என் வீட்டுக்கு வருவாக. பொண்ண நிக்கவச்சு நாந்தான் கொசுவம் மடிச்சுக் கட்டிவிடுவேன். சிரிப்பும் கூத்துமா இருக்கும். அப்புறம் எல்லாரும் கோயிலுக்குப் போயிருவாக. நான் கெடந்த பூவக் கூட்டி அள்ளிட்டு, பெட்டியப் பூட்டிட்டுப் போயிச் சேர்றதுக்குள்ள பாதிப் பந்தி எந்திரிச்சிருக்கும். கூப்பிடாம இல்ல, வா தெரசா, உக்காருன்னு சொல்லத்தான் செய்வாக. யாருக்குப் பக்கத்துல உக்கார்றதுன்னுதான் தெரியாது.

தாவீதுராஜ்: உக்காருங்கக்கா. அந்தப் பெஞ்சில. தண்ணி குடிங்க.

தெரசாள்: பெட்டியும் போயிருச்சுன்னா என் வாசப்படி எதுக்கு இருக்கு?

தாவீதுராஜ்: போகாது. கறை போகும், பெட்டி போகாது. என்ன பட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. யாரு மேல, எப்பங்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம்.

தெரசாள்: …யாருகிட்டயும் சொல்ல மாட்டீகளே.

தாவீதுராஜ்: நான் பேசினா நின்னு கேக்க ஆளில்லன்னு இப்பத்தானே சொன்னேன்.

தெரசாள்: சிரிக்க மாட்டீகளே.

தாவீதுராஜ்: மாட்டேன்.

தெரசாள்: போன கல்யாணத்துச் சேலை திரும்பி வந்துச்சு. வெயில்ல ஆத்தி மடிச்சு வைக்கணும். கதவச் சாத்தியிருந்தேன், காத்து அடிச்சதுன்னு. கையில வச்சிருந்தேன்… அது எம்புட்டுக் கனமா இருக்கும்னு தெரியல எனக்கு. இத்தனை பேருக்குக் கட்டிவிட்டிருக்கேன், உடம்புல கெடந்தா எப்படி இருக்கும்னு தெரியல. சிரிக்கிறீகளா?

தாவீதுராஜ்: இல்ல.

தெரசாள்: அதான். கட்டினேன். கொசுவம் நல்லா வரல, அடுத்தவளுக்கு மடிச்ச கை தனக்கு மடிக்கத் தெரியாம தடுமாறுது. வீட்டுல கண்ணாடி இல்ல. குடத்துத் தண்ணில பாத்தேன். மூஞ்சி மட்டும் தெரிஞ்சுது. சேலை தெரியல.

தாவீதுராஜ்: அப்புறம்?

தெரசாள்: அவுத்து வச்சிருக்கணும். பசிச்சுது. அவுத்துட்டுத் திங்கலாம்னுதான் நெனச்சேன். பெறகு… கூறைச்சேலை கட்டினா பந்தின்னு ஒண்ணு வேணும்லன்னு தோணுச்சு. அப்படியே சாப்பாட்டுக் கும்பாவ எடுத்து மடியில வச்சு உக்காந்தேன். ரெண்டு வாய்கூட உள்ள போகல. கதவுல டமார்னு சத்தம். யாரோ வாராகன்னு பதறி எந்திரிச்சேன், கும்பா சரிஞ்சிருச்சு.

தாவீதுராஜ்: யாரு வந்தது?

தெரசாள்: ஆடு. கதவ முட்டுது.

தாவீதுராஜ்: ஹ… ஆடா!

தெரசாள்: இப்பச் சிரிச்சீக.

தாவீதுராஜ்: ஆட்டுக்குத்தான்க்கா.

தெரசாள்: நானும் அன்னைக்குச் சிரிச்சேன். பெறகு ஈரத்துணியால தொடைச்சேன், லேசாத்தான் தெரிஞ்சுது. மடிப்பு நிக்கட்டும்னு இஸ்திரிப் பெட்டிய வச்சுத் தேய்ச்சேன் பாருங்க, பழுப்பு ஏறிச் சுட்ட மாதிரி ஒட்டிக்கிருச்சு. அப்புறம் யாருகிட்டப் போயி என்னன்னு சொல்றது? ரத்தம்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாகன்னு நெனச்சேன்.

தாவீதுராஜ்: கும்பாவுல என்ன இருந்துச்சு?

தெரசாள்: என்ன இருக்கும்… கேப்பைக்கூழு. வேற என்ன இருக்கு என் வீட்டுல?

தாவீதுராஜ்: மோரு ஊத்தினதா? தொட்டுக்கிட எண்ணெய் வெஞ்சனம் ஏதும்?

தெரசாள்: வெறுங்கூழு. உப்புப் போட்டது. கடிச்சுக்கிட ரெண்டு வெங்காயம்.

தாவீதுராஜ்: நல்லதாப் போச்சு. அப்ப இது லேசு.

தெரசாள்: லேசா? இதென்ன தம்பி, மேசைக்கு அடியில இருந்து பொட்டலம் எடுக்குறீக? கட்டித் தயாரா வச்சிருக்கீக…

தாவீதுராஜ்: மொளைவிட்ட கேப்பை மாவுக்கா. வயித்துக்கு முடியாத பிள்ளைகளுக்குக் கூழு நீர்க்கக் காச்சிக் குடுக்க இங்க எப்பவும் வச்சிருப்போம். நேத்து நீங்க போனப்புறம் உக்காந்து யோசிச்சேன். ஆணி குத்துன ரத்தம் சொட்டாத்தான் விழும், இது மடியில உக்காந்து வழிஞ்ச கறை. அப்பவே இடிச்சுச் சலிச்சுக் கட்டி வச்சிட்டேன். அவுகளாச் சொன்னாச் சொல்லட்டும், சொல்லாட்டி, இதையும் போட்டுப் பாருங்கன்னு ஒண்ணும் கேக்காமக் குடுத்துவிடுவோம்னு இருந்தேன். தானியம் மொளைக்கும்போது தன் மாவத் தானே கரைச்சுத் தின்னுரும். அந்த வேலை செய்யிற ஆளு இதுல இருக்கான். கூழ மட்டுந்தான் கரைப்பான். பட்டைத் தொட மாட்டான், உங்க விரலையும் தொட மாட்டான், கைப்பிள்ளைகூடக் குடிக்கிற சரக்கு. ரெண்டு கை மாவ கை பொறுக்கிற சூட்டுத் தண்ணில கலக்கி, துணில வடிகட்டுங்க. கொதிக்க வைக்காதீக. கரைச் சாயம் எறங்கிறாம கரைய மேல தூக்கிக் கட்டிட்டு, கறை உள்ள எடத்த மட்டும் அந்தத் தண்ணில முக்கி வைங்க. ஆறினா மறுபடி வெதுவெதுப்பா மாத்துங்க. பொழுது சாய எடுத்துப் பச்சைத்தண்ணில அலசி, கொஞ்சம் சவுக்காரம் போட்டுக் கசக்கி, காலையில இளவெயில்ல காயப்போடுங்க. சவுந்தரத்தோட ஆத்தா வாரதுக்குள்ள கறை போயிரும்.